எந்தக் குஞ்சும் சாகாத கதை

1

“நீங்கதானே சித்தி எழுதுறீங்க? அப்புறம் ஏன் அதைச் சாக விட்டீங்க?”

என் அக்கா மகள் எட்டு வயதில் என்னிடம் கேட்ட கேள்வி இது. கோழி வளர்க்கத் தொடங்கும் ஒரு வீட்டைப் பற்றி நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பாதியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் ஐந்து குஞ்சுகள் வந்தன. மூன்றாம் நாள் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. அந்த இடத்தை நான் கொஞ்சம் நன்றாகவே எழுதிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. வாசித்துவிட்டு, கண் கலங்குகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். கலங்கவில்லை. கோபமாக இருந்தாள்.

“கதைன்னா கொஞ்சம் கஷ்டம் வரும்டா கண்ணு” என்றேன்.

“கஷ்டம் வரட்டும். சாகணும்னு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இதே கேள்வியை நானும் மேலே பார்த்துச் சில தடவை கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை. வரவில்லையே என்று பிரார்த்தனையை விட்டதும் இல்லை. அவருக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று என்னால் நம்ப முடிகிறது. ஆனால் எனக்கு என்ன காரணம்? இரண்டாம் பக்கத்தில் ஒரு சாவு இருந்தால் மூன்றாம் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவ்வளவுதான்.

அதனால் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அதையே உங்களுக்கும் கொடுக்கிறேன். இந்தக் கதையில் எந்தக் குஞ்சும் சாகாது. பயப்படாமல் படியுங்கள்.

(வாக்குக் கொடுப்பது சுலபம். கொடுத்துவிட்டுக் கதை எழுதிப் பாருங்கள், தெரியும்.)

2

எங்கே தொடங்குவது என்று நாலு நாள் திண்டாடினேன்.

“காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை” — வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கப்போவது அறுபது வாட் குண்டு பல்பு.

“புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது பொறுமையின்” — இது தீவனக்கடையில் இலவசமாகக் கொடுக்கும் துண்டுப் பிரசுரம்.

“டெய்லர் அக்கா ஐந்து குஞ்சுகளை நூல்கண்டு வந்த அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.” இது இருக்கட்டும்.

தெருவில் எல்லோரும் அவளை டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான், இந்தக் கதை நடக்கும் நாட்களில் அவன் எங்கோ தூரத்தில் இருக்கிறான். முன்னறையில் தையல் மிஷின். பின்னால் ஒரு சமையலறை, அதற்கும் பின்னால் சிமெண்ட் போடாத கொல்லைப்புறம். அந்தக் கொல்லை பக்கத்துப் போர்ஷனுக்கும் பொது. இரண்டு போர்ஷனுக்கும் வீட்டுக்காரர் ஒருவரே.

மகளுக்கு ஏழு வயது, பொடிசு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பள்ளி விட்டு வந்ததும் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரிப்பாள். ஒரு நாள் சொன்னாள்: “அம்மா, நீ மிஷின்கூடப் பேசுற. மிஷினும் உன்கூடப் பேசுது. என்கூடதான் யாருமே பேசல.”

மறுநாள் டெய்லர் அக்கா தீவனக்கடையில் நின்றாள்.

“அஞ்சும் பொட்டைதானே அண்ணே?”

“பொட்டைதாம்மா. கியாரண்டி.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மூஞ்சியைப் பாருங்க, எவ்வளவு சாந்தமா இருக்கு!”

(ஒரு நாள் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் மூஞ்சியைப் பார்ப்பதில்லை.)

கடைக்காரர் நல்ல மனுஷன், சாந்தமான மூஞ்சியை நம்புகிறவர். விவரமாகவும் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கல் போட வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். வந்தவுடன் ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தடவை தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும், குடிக்கக் கற்றுக்கொள்ளும். “எல்லாம் பல்புக்கு அடியில குவிஞ்சா குளிருதுன்னு அர்த்தம், பல்பை இறக்குங்க. மூலைக்கு மூலை ஓடினா சூடு ஜாஸ்தி, ஏத்துங்க. அதுங்களே சொல்லும். நாம பார்த்தாப் போதும்.”

பொடிசு பெயர் வைத்தாள். ஊக்கு, ஜிப், லேஸ், பாபின். கடைசியாக, எல்லாவற்றிலும் சிறியதற்குப் பட்டன்.

3

பெட்டியின் அடியில் என்ன விரிப்பது என்பதைக் கடைக்காரர் சொல்ல மறந்துவிட்டார். டெய்லர் அக்காவும் கேட்க மறந்தாள். கேட்பானேன்? வீட்டில் மூட்டை மூட்டையாக வெட்டுத் துணி கிடக்கிறது. பட்டுப் போன்ற லைனிங் துணியாகப் பார்த்துப் பொறுக்கி மெத்தை போட்டாள். எந்தக் கோழிக்குஞ்சுக்கும் அப்படி ஒரு படுக்கை கிடைத்திருக்காது.

மூன்றாம் நாள் காலையில் பட்டன் ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது.

(முதல் வரைவில் அது இங்கேதான் செத்தது. துணியிலிருந்து பிரிந்த நூல் காலைச் சுற்றி இறுக்கி, இரண்டு நாள் யாரும் பார்க்காமல்... சரி, விடுங்கள்.)

பொடிசுதான் பார்த்தாள். “அம்மா, இதோட கால் ஒரு மாதிரி இருக்கு. வீங்கிப்போய்.”

டெய்லர் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். கால் கெண்டையில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய ரோஸ் நிற நூல். தையலைப் பிரிக்கும் சிறு கத்தியை எடுத்தாள். பல வருடம் தப்பான தையலைத் துணி கிழியாமல் பிரித்த கை அது. ஆனாலும் அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிரித்தாள். நூல் அறுந்து வந்தது. பிறகு சர்க்கரைத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு, சொட்டுச் சொட்டாக, மத்தியானம் வரைக்கும் கொடுத்தாள். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு ரவிக்கைகள் அப்படியே கிடந்தன. கேட்க வந்தவர்களிடம், “வீட்டுல உடம்பு சரியில்ல” என்றாள். பொய் இல்லை.

சாயங்காலம் பட்டன் எழுந்து, நொண்டியபடி போய், பாபினின் தலையில் ஒரு கொத்துக் கொத்தியது.

“துணியா போட்டீங்க?” கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “மரத்தூள் போடுங்கம்மா! கோழியைக் கட்டில்ல படுக்க வைக்கிற முதல் ஆளு நீங்கதான்.”

4

குஞ்சுகளுக்கு இறகு முளைத்ததும் கூண்டு செய்ய வேண்டியிருந்தது. டெய்லர் அக்கா அளவு நாடாவை எடுத்தாள்.

ஆமாம், அளந்தாள். ஐந்தையும் தனித்தனியாக, கழுத்திலிருந்து வால் வரை நீளம், நெஞ்சுச் சுற்றளவு, நின்றால் உயரம். பொடிசு நோட்டில் எழுதிக்கொண்டாள். “வளர்ற உடம்பு. கொஞ்சம் தாராளமா விடணும்” என்று எல்லாப் பக்கமும் நாலு விரல் கூட்டி, தச்சரிடம் கணக்கைக் கொடுத்தாள். பள்ளிச் சீருடைக்கு அது போதும். கோழிக்கு மூன்று வாரம்கூடப் போதாது. ஒரு மாதத்தில் ஐந்தும் காலை நேரத்து பஸ்ஸில் நிற்பவர்களைப் போலத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

மறுபடி தச்சரைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. நாலு கழியை நட்டு, கூண்டை ஒட்டி ஒரு நீட்டிப்பு போட்டாள். பழைய கம்பிவலையின் ஓரத்தோடு புது நைலான் வலையை இணைக்க வேண்டும். எதனால் இணைப்பாள்? இரட்டை நூலால் தைத்தாள். நெருக்கமான ஓட்டுத் தையல், ஒரே நூல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீர். தூரத்தில் நின்று பார்த்தால் வலைக்குப் பார்டர் வைத்தது போல இருந்தது.

(இந்தத் தையலை வர்ணித்து நான் ஒரு முழுப் பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது என்பதால் ஒரு தப்பு தப்பில்லாமல் போய்விடாது.)

5

நாலாம் மாதம் பட்டன் கூவியது.

சாந்தமான மூஞ்சிக்குப் பின்னாலிருந்து, துரு ஏறிய கேட்டைத் திறப்பது போல ஒரு சத்தம். கூவிவிட்டு, யார் கூவினார்கள் என்று அதுவே திரும்பிப் பார்த்தது. பொடிசு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது நர்ஸ் வர வேண்டும்.

“பக்கத்துப் போர்ஷனில் இருந்த நர்ஸ், கண்களை உருட்டிக்கொண்டு, பல்லை நறநறவென்று” — இல்லை.

“இரக்கமே இல்லாத அந்தப் பெண்மணி” — இல்லை, இதுவும் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டும் என்று அவரை எழுதத் தொடங்கினேன். இரவு வேலைக்குப் போய் வந்து பகலில் தூங்க நினைக்கும் ஒருவரைக் கெட்டவராக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் என்பதை அடித்த காகிதங்கள் சொல்லும். கடைசியில் அவரையே பேச விட்டேன்.

“அக்கா, நான் ஒன்பது மணிக்குக் கண்ணை மூடுறேன். ஒன்பதேகாலுக்கு அவன் ஆரம்பிக்கிறான்.”

“சின்னது சிஸ்டர். இப்பதான் கூவக் கத்துக்குது.”

“கத்துக்கட்டும். பத்து மணிக்கும் கத்துக்குது, பதினோரு மணிக்கும் கத்துக்குது. இவ்வளவு படிச்சா டாக்டராவே ஆயிடும்.”

டெய்லர் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸுக்கு வரவில்லை. அவர் சுவரில் கை வைத்து நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“விளையாட்டுக்குச் சொல்லலக்கா. நேத்து டியூட்டியில ஊசியைக் கையில எடுத்துட்டேன், எந்தக் கட்டிலுக்குன்னு மறந்துட்டேன். ஒரு நிமிஷம்தான். அப்புறம் சீட்டைப் பார்த்துச் சரியாத்தான் போட்டேன். ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு தடவை பார்த்தேன். எனக்குத் தூக்கம் வேணும்க்கா.”

விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போனது.

வீட்டுக்காரர் போனில் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை காலையில வரேன். சிஸ்டர் சரின்னு சொன்னா கோழி இருக்கட்டும். இல்லன்னா அஞ்சையும் கூண்டோட எடுத்துடுங்க. எனக்கு ரெண்டு பேரும் வேண்டியவங்க.”

எல்லாம் நர்ஸின் ஒரு வார்த்தையில் நின்றது. பொடிசு அன்றிலிருந்து கூண்டுக்கு முன் உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்துப் பட்டனுக்குப் பாடம் நடத்தினாள். “மெதுவா கூவு. இப்படி... கொக்... பார்த்தியா? மனசுக்குள்ள கூவு.” யாரிடமும் பேசாமல் துணி பிரித்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது ஒரு நாளைக்கு ஐந்து பேரோடு பேசுகிறாள். ஐந்தும் போய்விட்டால் மறுபடி அந்த வெட்டுத் துணிதானே என்று டெய்லர் அக்கா நினைத்துக்கொண்டாள்.

6

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆறேகால் மணி. நூலை எலி கடித்துவிட்டது. எழுதும்போது நான் எலியைக் கூப்பிடவில்லை. நூலால் வலை தைத்தால் எலி தானாக வரும். ஓட்டுத் தையலில் ஓர் இடம் அறுந்தால் மீதியும் வரிசையாக உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு கை நுழையும் அளவுக்கு வாய் திறந்துவிட்டது. மதில்மேல் ஒரு கடுவன் பூனை.

“பூனை ஓசைப்படாமல் இறங்கி, திறந்த இடத்தில் தலையை நுழைத்து” என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

வாக்குக் கொடுத்திருக்கிறேனே! யாராவது வந்தாக வேண்டும். டெய்லர் அக்கா? பள்ளி திறக்கும் மாதம், சீருடை தைத்து அசந்து தூங்குகிறாள், ஏழு மணிக்குத்தான் எழுவாள். பொடிசும் தூங்குகிறாள். கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் போனில் மட்டும் வருகிற ஆள். அந்த நேரத்தில் அந்தக் கொல்லை வழியாக நடக்கக்கூடியவர் இந்தக் கதையில் ஒரே ஒருவர்தான். முதல் பஸ்ஸில் இறங்கி, டியூட்டி முடிந்து வருகிறவர்.

அக்கா மகளிடம் சொன்னேன். அவள் யோசித்தாள்.

“அவங்களுக்குத்தான் கோழி இல்லன்னா நல்லதாச்சே சித்தி?”

“அதான்டா எனக்கும் தலைவலி.”

“நீங்க அவங்களைக் கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். எழுதிப் பார்ப்பது என்பது கேட்டுப் பார்ப்பதுதான்.

நர்ஸ் கொல்லைக் கதவைத் திறந்தார். பூனையைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். கால் கடுத்தது, படுக்கை பத்தடி தூரத்தில் இருந்தது. சும்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் போதும். ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே வராது. யார் மேலும் பழி வராது, பூனை மேல்கூட. இது அவருக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது.

“ச்சூ! போ அந்தப் பக்கம்!”

செருப்பைக் கழற்றி எறிந்தார். பூனை மதில் ஏறிப் போனது. உள்ளே பட்டன், மற்ற நாலையும் பின்னால் தள்ளிவிட்டு, கழுத்து இறகு சிலிர்க்க நின்றது. கூவவில்லை. பயத்தில் அதற்குக் கூவ வரவில்லை.

“இப்ப மட்டும் வாயைத் திறக்காத” என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நர்ஸ் மதிலோரம் கிடந்த பழைய கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கினார். உட்கார்ந்தார்.

7

எட்டு மணிக்குத் தீவனம் வைக்கப் போன டெய்லர் அக்கா, வலையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அறுந்த நூல் கீழே கிடந்தது. அது இருந்த இடத்தில் கம்பிக் கட்டுகள். அவளுடைய கண், எழுத்தைப் படிப்பதற்கு முன்பே தையலைப் படித்துவிடும். இது டெய்லர் போட்டதில்லை. டெய்லர் ஒரே நூலை ஓட விடுவாள். இங்கே ஒவ்வொரு கட்டும் தனித்தனியாக முறுக்கி முடிந்திருந்தது. ஒன்று போனாலும் மற்றது விடாது. எண்ணிப் பார்த்தாள். பதினேழு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. காயத்துக்குப் போடும் தையல் இப்படித்தான் இருக்கும். பொடிசுவின் முட்டியில் போட்டதை அவள் பார்த்திருக்கிறாள்.

கம்பியின் கூர் முனைகள் எல்லாம் வெளிப்பக்கம் மடக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முனையிலும், கோழியைக் கீறாமல் இருக்க, வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பதினேழு முனைக்கும்.

அவள் பக்கத்துப் போர்ஷனைப் பார்த்தாள். கதவு சாத்தி, ஜன்னல் திரை இழுத்திருந்தது. வாசற்படியில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. இன்னொன்றைத் தேடி மதிலோரம் எடுத்துவந்து, ஜோடியாக வைத்தாள்.

கதவைத் தட்டக் கை போனது. நின்றது.

என்ன சொல்வது? நன்றி சிஸ்டர் என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்வது போல ஆகிவிடும். “இவ்வளவு செஞ்சீங்களே, அதையும் சரின்னு சொல்லிடுங்க” என்று கேட்காமல் கேட்டதாகிவிடும். ஏதாவது செய்து கொண்டுபோய்க் கொடுத்தாலோ, அது இன்னும் மோசம். கைக்கூலி மாதிரி. அந்த மனுஷி தூங்குவதற்குத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார். அவர் செய்ததை யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறார்.

கையை இறக்கிக்கொண்டாள். ஒன்பதேகாலுக்குப் பட்டன் கழுத்தை நீட்டியபோது ஓடிப்போய் அதைத் தூக்கி, முன்னறையில் மிஷினுக்குப் பக்கத்தில் கூடைக்குள் வைத்து, கறுப்பு லைனிங் துணியால் மூடினாள். இருட்டில் அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சும்மா இருந்தது. மத்தியானம் வரை இருந்தது. எந்நேரமும் இப்படி இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

8

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வருகிறார். நர்ஸ், “இருக்கட்டும் சார்” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். (நான் இதைத்தான் விரும்புகிறேன். நான் விரும்புகிறேன் என்பதற்காகவே இதன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.)

இரண்டு: டெய்லர் அக்கா முந்திக்கொள்கிறாள். சனிக்கிழமையே பட்டனைத் தூக்கிக்கொண்டு தீவனக்கடைக்காரரிடம் போய், “கியாரண்டி கொடுத்தீங்களே, நீங்களே வெச்சுக்கோங்க. ஆனா வெட்டக் கூடாது” என்கிறாள். அவர், “மூஞ்சியைப் பார்த்தா வெட்ட மனசு வருமாம்மா?” என்று தன் வீட்டுக் கோழிகளோடு விடுகிறார். வாராவாரம் பொடிசு போய்ப் பார்க்கிறாள். ஊக்கும் ஜிப்பும் லேஸும் பாபினும் இங்கேயே இருந்து, அடுத்த மாதம் முட்டை வைக்கின்றன.

மூன்று: நர்ஸ், “இருக்கட்டும்” என்றும் சொல்லவில்லை, “கூடாது” என்றும் சொல்லவில்லை. “இன்னும் ஒரு வாரம் அந்தக் கூடையில வெச்சுப் பாருங்கக்கா” என்கிறார்.

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அந்த வீட்டில் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள், அதை மட்டும் மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு நான் வரமாட்டேன். எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை வரைக்கும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. பொடிசு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள். நர்ஸும் தூங்குகிறார். கொல்லையில் கொடிக்கம்பியில் அவருடைய வெள்ளைச் சீருடை காய்கிறது. துணி எடுக்க வந்த டெய்லர் அக்கா அதைப் பார்த்தாள். கத்திரியும் பேனாவும் வைத்து வைத்து, இடுப்புப் பாக்கெட் ஒரு மூலையில் விட்டுப்போய், ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கும் துருப்பிடித்து, துணியில் பழுப்புக் கறை இறங்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு பக்கமும் பார்த்தாள். கிளிப்பைக் கழற்றி, சீருடையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள். மிஷின் சத்தம் கேட்டுவிடும் என்று ஊசியை எடுத்தாள். ஊக்கைக் கழற்றி, கறையை எலுமிச்சை தேய்த்து எடுத்து, பாக்கெட்டின் மூலைக்கு உள்பக்கமாக ஒரு சின்ன வெள்ளைத் துணியைக் கொடுத்துத் தைத்தாள். மற்ற மூன்று மூலைகளும் இன்னும் விடவில்லைதான். அவற்றுக்கும் கொடுத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தையலும் தெரியவில்லை. அதுவாகவே ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

இனி அதைத் திரும்பக் கொண்டுபோய், இருந்த இடத்திலேயே, அதே இரண்டு கிளிப்பைப் போட்டு மாட்ட வேண்டும். கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நீங்களும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.